ஒரே வீட்டில் இரண்டு உடம்பு

2023 ஜூலை 12, புதன்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்தேன். ஜெபம் முடித்து, பால் காய்ச்சி, இட்லிக்குத் தக்காளிச் சட்னி அரைத்தேன். கணவருக்கு மதியச் சாப்பாடு கட்டி வைத்துவிட்டு, கச்சிராயபாளையம் சாலையில் ஷேர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினேன். கையெழுத்துப் போட்டு எங்கள் அறையைத் திறந்தேன். புறநோயாளிகள் பிரிவின் கடைசி அறை அது. எதிரில் எக்ஸ்ரே, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. ஜன்னலைத் திறந்து வைத்தேன். மூச்சை அளக்கும் கருவியைத் துடைத்து, வாயில் வைத்து ஊதும் அட்டைக் குழாய்களை அதன் பக்கத்தில் அடுக்கினேன். டாக்டருக்குப் பென்சில் சீவி வைத்தேன். புதன்கிழமை எங்களுக்கு மலைக்காரர்களின் நாள். வெள்ளிமலை பஸ் வந்து சேரும்வரை கூட்டம் இருக்காது. அதனால் நிதானமாக ஒரு டீ குடித்தேன்.

நான் பல வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறவள். அதில் பெரும்பாலான புதன்கிழமைகள் இப்படித் தொடங்கி இப்படியே முடிந்திருக்கின்றன. இந்த ஒரு புதன்கிழமை மட்டும் மறுநாள் காலைவரை நீண்டுவிட்டது. அதை இப்போது ஒழுங்காக எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ரேவதி.

நான் விருப்ப ஓய்வில் வந்த பிறகு, புகையிலைப் பழக்கத்தை விட வருகிறவர்களுக்கான அந்த அறையில் ஆலோசகராக இருக்கும் பெண் அவள். போன வாரம் போன் செய்தாள். அவளிடம் ஒருவர் வந்திருக்கிறார். சென்னையில் வேலை பார்க்கும் மகன் தனியார் லேபில் அவருக்கு மரபணுப் பரிசோதனை செய்து அறிக்கை வாங்கிக் கொடுத்திருக்கிறான். நிகோடினை மிக வேகமாகக் கரைத்துவிடுகிற உடம்பு என்று அதில் போட்டிருக்கிறதாம். அந்த மனிதர் அறிக்கையை மேசைமேல் வைத்து, "என் பொறப்புலயே இருக்குதாம் மேடம். இனிமே என்னை உடச் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு, வெளியே போய் நிம்மதியாக ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டாராம்.

"நான் இன்னா சிஸ்டர் பதில் சொல்றது? அவரு சொல்றது பொய்யும் இல்லையே" என்று ரேவதி கேட்டாள்.

போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

என் படிப்பும் ஆரம்ப வருடங்களும் நாலு வரியில் அடங்கும். மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் நெல்லும் கரும்பும் போடுகிற கிறிஸ்தவக் குடும்பம். கடலூரில் நர்சிங் படித்தேன். கல்யாணம் ஆகிக் கள்ளக்குறிச்சிக்கு வந்த பிறகு ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டிலேயே நெடுங்காலம் இருந்தேன். பீடியால் கால் அழுகிப்போகிற அந்த நோயை அங்கேதான் முதலில் பார்த்தேன். முப்பது, நாற்பது வயது ஆண்கள். எல்லோரும் பீடி குடிப்பவர்கள். காலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கி அடைத்துக்கொள்ளும். விரல் முதலில் வெளுக்கும், பிறகு கறுக்கும். வலி தாங்காமல் காலைக் கட்டிலிலிருந்து கீழே தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே கண்ணயர்வார்கள். புகையிலையை அடியோடு விட்டால் கால் மிஞ்சும். விடாவிட்டால் முதலில் விரல் போகும், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம் போகும். "காலா, பீடியா, எது வேணும்?" என்று நாங்கள் கேட்போம். எல்லோருமே கால்தான் வேண்டும் என்பார்கள். மறுநாள் கழிவறைப் பக்கத்திலிருந்து புகை வரும்.

அவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு எங்கள் வீட்டை வைத்தே தெரிந்திருக்க வேண்டும். என் அப்பா ஒவ்வொரு தவக்காலத்திலும் பீடியை நிறுத்துவார். சாம்பல் புதனன்று காலையில் பீடிக்கட்டைப் பரண்மேல் வைப்பார்; ஈஸ்டர் பூசை முடிந்து வந்து எடுப்பார். இடையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். அவருடைய தம்பி, என் சித்தப்பா, நெற்றியில் பூசிய சாம்பல் காய்வதற்குள் கோயிலுக்குப் பின்னால் பீடியோடு நிற்பார். உபதேசியார் அவரைப் பிடித்து, உன் அண்ணனுக்கு இருக்கிற பக்தி உனக்கு ஏன் இல்லை என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அதற்குச் சித்தப்பா, "அவருக்குப் பசிக்கவே இல்லிங்க. எனக்குப் பசிக்குது. இதுல பக்தி எங்க வந்துது?" என்றார். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். அது எவ்வளவு சரியான பேச்சு என்று எனக்குப் புரியவைத்தவர் டாக்டர் கதிரவன்.

ஆலோசகர் வேலைக்கு என்னை மாற்றியபோது சென்னையில் பயிற்சி கொடுத்திருந்தார்கள். நான் அங்கே எழுதிக்கொண்டு வந்ததில் மன உறுதி என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. டாக்டர் கதிரவன் அந்தச் சொல்லை அறைக்குள் விடவில்லை. உயரமான, மெலிந்த மனிதர். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. நோயாளியின் நாற்காலியும் அவருடைய நாற்காலியும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்பார். அதற்காகத் தன் சுழல் நாற்காலியை எக்ஸ்ரே அறைக்குக் கொடுத்துவிட்டு மர நாற்காலி வாங்கிக்கொண்டார். பென்சிலால் மட்டுமே எழுதுவார். "மனுஷன் அடுத்த வாரம் வந்து வேற சொல்லுவான் சிஸ்டர். அப்ப அழிச்சுட்டு எழுதணும். பேனாவுல எழுதிட்டா அவன பொய்யன்னு ஆக்கிருவோம்."

அவருடைய முறை எப்போதும் ஒன்றுதான். ஒரு நாளைக்கு எத்தனை என்று முதலில் கேட்கமாட்டார். காலையில் எழுந்த பிறகு முதல் பீடிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பார். பாயை விட்டு எழுவதற்கு முன்பே என்பவர்கள் உண்டு. டீ குடித்து, மாட்டை அவிழ்த்துக் கட்டி, கொல்லிக்கு, அதாவது மலைக்காட்டு வயலுக்கு, போன பிறகு என்பவர்களும் உண்டு. இரண்டு பேரும் ஒரே எண்ணிக்கை குடிப்பவர்களாக இருக்கலாம். ஆனால் அவர்கள் இரண்டு வேறு நோயாளிகள் என்பார். பிறகு குடும்ப மரம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். குடிப்பவர்களுக்குள்ளே கறுப்பு அடைப்பார். விட்டவர்களுக்கு அதன்மேல் ஒரு சாய்கோடு. எளிதாக விட்டார்களா, தவித்து விட்டார்களா என்று பக்கத்தில் ஒரு குறிப்பு.

மூச்சுக் கருவியில் ஊதச் சொல்வது என் வேலை. ஆழமாக இழுத்து, சற்று அடக்கி, மெதுவாகக் கடைசிச் சொட்டு வரை ஊத வேண்டும். புகைத்தவர்களின் மூச்சில் இருக்கும் நச்சுவாயுவின் அளவு எண்ணாக வரும். அந்த எண்ணை முதலில் நோயாளிதான் பார்க்க வேண்டும், அப்புறம்தான் நாங்கள். இது டாக்டரின் கட்டளை. இன்னொன்று சிறுநீர்ப் பட்டை. நிகோடின் எந்த வழியில் உள்ளே போயிருந்தாலும் அதில் தெரிந்துவிடும். ஒரு கோடு வந்தால் இருக்கிறது, இரண்டு கோடு வந்தால் இல்லை. புதிதாக வருகிற நர்சுகள் எல்லோரும் அதைத் தலைகீழாகப் படிப்பார்கள்.

டாக்டர் மரபணுவைப் பற்றிப் பேசுவது ஏரியை வைத்துத்தான். "ஒரே மழை பெய்யுது. ரெண்டு ஏரி நிறையுது. ஒண்ணுல மதகு நல்லா அடைஞ்சிருக்கு, தண்ணி மெதுவா எறங்குது. இன்னொண்ணுல மதகு பெருசு, காலைல பாத்தா தரை தெரியுது. ரெண்டாவது ஏரிக்காரன் தண்ணிக்கு அலையறான்னு சொல்லி அவன திட்டலாமா?" தண்ணீர் என்பது நிகோடின், அதை இறக்கும் மதகு கல்லீரலில் இருக்கிறது என்பார். அது எவ்வளவு பெரிது என்பதை அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி என்று வாங்கிக்கொண்டு பிறக்கிறோம். ஒரு வயிற்றில் பிறந்தவர்களுக்கும் ஒரே பங்கு வராது. இது மட்டுமே காரணம் இல்லை, மனசும் ஊரும் கூட்டாளிகளும் சேர்ந்ததுதான் என்பதையும் தவறாமல் சொல்வார். அப்போது எங்களிடம் மரபணுப் பரிசோதனை எதுவும் இல்லை. முதல் பீடி எப்போது என்ற கேள்வியும் பென்சில் மரமும்தான் இருந்தன.

காளியப்பன் எங்களிடம் வந்தது அந்த வருடக் கோடையில். வெள்ளிமலையிலிருந்து உள்ளே நடந்து போக வேண்டிய ஒரு சிற்றூர் அவனுடையது. வயது முப்பத்தைந்து இருக்கும். வருடத்தில் பாதி நாள் மனைவியோடு கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போவான். மீதி நாள் மலையில் மரவள்ளியும் சாமையும். ஒற்றை மூங்கில் ஏணியில் கால் விரலை ஊன்றி ஏறுகிற வேலை மிளகு பறிப்பது. அந்த விரல்களில்தான் கறுப்பு தொடங்கியிருந்தது. மனைவி மட்டும் தோட்டத்திலேயே தங்கிவிட, அவன் அம்மா வீட்டுக்குத் திரும்பியிருந்தான். வலது காலில் சுண்டுவிரலை ஏற்கெனவே எடுத்திருந்தார்கள். பக்கத்து விரலும் போகிற நிலையில் இருந்தது.

அவனோடு அண்ணன் வெள்ளையனும் வந்திருந்தான். டாக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். கண்ணைத் திறப்பதற்குள் கை பீடியைத் தேடும் என்றான் காளியப்பன். வெள்ளையன் குறுக்கிட்டான். தானும் தம்பியும் ஒரே வயதில் ஒரே கட்டிலிருந்து குடிக்கத் தொடங்கியவர்கள், தனக்கு மகள் பிறந்த அன்றைக்குத் தான் நிறுத்தியாயிற்று, அதோடு சரி, திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவும் அப்படித்தான், இருமல் வந்ததும் ஒரே நாளில் விட்டார்.

"எங்கம்மா தெனமும் சொல்லிக்கினு கீது டாக்டர். அண்ணன் ஒரே நாள்ல உட்டான், உனுக்கு சோத்துல உப்பு இல்லியாடான்னு. இவன் காதுல ஏறவே மாட்டுது."

காளியப்பன் தலை குனிந்துகொண்டான். டாக்டர் அவனுக்கு ஏரிக் கதையைச் சொன்னார். கேட்டு முடித்ததும் அவன் நிமிர்ந்து பார்த்தான். "அப்ப என்னால முடியாதுன்றீங்களா?" என்றான். இப்போது ரேவதியிடம் அந்த மனிதர் சொன்னதும் இதேதான். ஆனால் இவன் குரலில் இருந்தது பயம்.

"உங்க அண்ணனுக்கு மருந்து தேவப்படல. உங்களுக்குத் தேவைப்படும். இத தெரிஞ்சுக்கத்தான் இவ்ளோ கேட்டேன்" என்றார் டாக்டர்.

இந்த நோய்க்கு நிகோடின் பிளாஸ்திரியோ சூயிங்கமோ கொடுக்கக் கூடாது. நிகோடின் எந்த உருவத்தில் போனாலும் ரத்தக் குழாய் மறுபடி சுருங்கும். அதனால் நிகோடின் இல்லாத மாத்திரையைத் தொடங்கினார். வேகமாகக் கரைக்கும் உடம்புகளுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே உதவுகிறது என்பார். வாரா வாரம் வரச் சொன்னார். முதல் இரண்டு வாரம் காளியப்பன் பட்ட பாட்டை நான் பார்த்தேன். எரிச்சல், அழுகை, தூக்கமில்லாத கண்கள். மூன்றாவது வாரம் அவன் ஊதியபோது கருவியில் வந்த எண் எனக்கு வருகிற எண்ணுக்குச் சமமாக இருந்தது. அவனே முதலில் பார்த்தான். "இது நல்லதா சிஸ்டர்?" என்று கேட்டான். நல்லது என்றேன். அன்று டாக்டர் மரத்தில் அவன் சதுரத்தின்மேல் சாய்கோடு போட்டார்.

ஆனால் சிறுநீர்ப் பட்டையில் ஒரு கோடுதான் வந்தது. அடுத்த வாரமும் ஒரு கோடு. அதற்கடுத்த வாரமும். மூச்சு சுத்தம், சிறுநீரில் நிகோடின். வாயில் அடக்குகிற புகையிலையா என்று கேட்டோம். இல்லை என்று சாமிமேல் சத்தியம் செய்தான். கன்னத்தின் உள்பக்கம் பார்த்தேன், அடக்கிய அடையாளம் எதுவும் இல்லை. விரலோ ஆறவில்லை, மூன்றாவது விரலும் நிறம் மாறியது. அறுவை சிகிச்சைப் பிரிவில் இருந்த பெரிய டாக்டர், இவன் எங்கேயோ ஒளித்து வைத்துக் குடித்துக்கொண்டுதான் இருக்கிறான் என்றார். அடுத்த புதன்கிழமைக்குள் மாற்றம் இல்லையென்றால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், கையெழுத்துப் போட ஆள் வரட்டும் என்று சொல்லி அனுப்பினார். பொய்யன் என்ற சொல்லையும் அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த புதன்கிழமைதான் ஜூலை 12. வெள்ளிமலை பஸ் வந்தது. வெள்ளையன் மட்டும் இறங்கி வந்தான்.

"வரமாட்டானாம் டாக்டர். கால வெட்டறதுன்னா இங்கியே வெட்டிக்கிறேன்றான். நான் உட்டத யாரும் நம்பல, நான் எதுக்கு வரணும்ன்றான்."

டாக்டர் காளியப்பனின் குடும்ப மரத்தை எடுத்தார். அதை என் பக்கம் திருப்பினார். "மூச்சு சொல்றத நம்பறேன். சிறுநீர் சொல்றதையும் நம்பறேன். அந்த ஆள் சொல்றதையும் நம்பறேன். மூணும் நெசம்னா, நாம கேக்காதது எதோ ஒண்ணு இருக்கு. போய் அவர கூட்டிட்டு வாங்க சிஸ்டர். போற வழியில உங்க கண்ணு எங்கெல்லாம் போவுதோ போகட்டும்." அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போய் ஒரு வாரம் தவணை கேட்பதைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

கணவருக்குப் போனில் சொல்லிவிட்டு வெள்ளையனோடு கிளம்பினேன். வடக்கனந்தல் வயல்கள் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, பஸ் மலையேறியது. வெள்ளையன் வழியெல்லாம் தம்பியைத் திட்டிக்கொண்டே வந்தான். திட்டுக்கு நடுவே ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டான். வெள்ளிமலையில் இறங்கி, மரவள்ளிக் கொல்லிகளுக்கு நடுவே நடந்தோம். போய்ச் சேரும்போது மதியச் சாப்பாட்டு நேரம்.

காளியப்பன் வாசல் கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் அம்மா சடையம்மா ஒல்லியான, சுறுசுறுப்பான பெண்மணி; வந்தவளுக்குச் சாப்பாடு போடாமல் பேச்சே இல்லை என்று சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வைத்தாள். பரிமாறிக்கொண்டே மகனைப் பற்றிய புகாரை எனக்குச் சொன்னாள். பெரியவன் ஆம்பிளை, ஒரே நாளில் விட்டான். சின்னவன் மனசு பஞ்சு. ஆஸ்பத்திரிக்கே போய்ப் பொய் சொல்கிறவனை அவள் என்ன செய்வாள்?

சாப்பிட்டு முடிந்தது. சடையம்மா கை கழுவிவிட்டு, வாசல் கூரையின் எரவாணத்தில் செருகியிருந்த ஒரு பழைய பவுடர் டப்பாவை எடுத்தாள். உள்ளங்கையில் கறுப்பாகக் கொஞ்சம் கொட்டி, ஆள்காட்டி விரலால் தொட்டு ஈறில் தேய்த்துக்கொண்டாள். தேய்த்ததைத் துப்பாமல், உதட்டை மூடிக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் வந்து கையை நீட்ட, அவளுக்கும் கொட்டினாள். பிறகு டப்பாவைக் கட்டில் பக்கம் நீட்டினாள். காளியப்பன் வாங்கி, அதேபோலத் தேய்த்துக்கொண்டான்.

அது என்ன என்று கேட்டேன்.

"பல்லுப் பொடிதாம்மா" என்றாள் சடையம்மா. "பீடிய உட்டதுல இருந்து இவனுக்குப் பல்லு கூசுதுன்னான். அதான் குடுக்குறேன்."

எதிலிருந்து செய்கிறார்கள் என்று கேட்டேன். புகையிலைக் காம்பை ஓட்டில் போட்டு வறுத்து, உப்பு சேர்த்து இடித்துக்கொள்வார்களாம். அவள் அம்மா செய்த மாதிரியே அவளும் செய்கிறாள். அதை அவர்கள் யாரும் புகையிலை என்று நினைக்கவே இல்லை. புகையிலை என்றால் ஆண்கள் பற்றவைப்பது அல்லது வாயில் அடக்குவது. இது பல் விளக்குவது. டாக்டரின் மரத்தில் அம்மா பக்கத்து வட்டங்கள் எல்லாம் ஏன் வெறுமையாக இருந்தன என்று அந்த வாசலில்தான் எனக்கு விளங்கியது. பீடி குடிப்பார்களா என்று கேட்டால் அந்தப் பெண்கள் ஒருவரும் குடிக்கமாட்டார்கள்.

காளியப்பனிடம் மெதுவாகச் சொன்னேன். இந்தப் பொடியும் புகையிலைதான். சிறுநீரில் தெரிவது இதுதான். விரலை ஆறவிடாததும் இதுதான். 

"அப்ப, பீடிய நான் உட்டது நெசந்தான?"

"நெசந்தான். அத நீங்க நெசமாவே உட்டுட்டீங்க. டாக்டரும் அதத்தான் சொல்றாரு."

அவன் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டான். தோள் குலுங்கியது. வெள்ளையன் எழுந்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டான்.

நான் சடையம்மாவிடம் டாக்டரின் கேள்வியைக் கேட்டேன். காலையில் எப்போது முதலில் பொடி போடுவீர்கள்? எழுந்த உடனே என்றாள். டப்பாவைத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிற நாளும் உண்டு. அது இல்லாமல் கண்ணே திறக்காது. இல்லாமல் ஒரு நாள் இருந்தால்? யோசித்தாள். இல்லாமல் இருந்ததே இல்லை. அவள் அம்மாவும் அப்படியே. பிரசவ வலியில்கூடப் பொடி கேட்டவள். தங்கையும் அப்படியே. நடு அக்கா மட்டும் கிடைத்தால் போடுவாள், கிடைக்காவிட்டால் அதைப் பற்றி நினைக்கவே மாட்டாள். அவள் சொல்லச் சொல்ல வட்டங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்துக்கொண்டு வந்தன. நடு அக்கா ஒருத்திக்கு மட்டும் வெள்ளையனின் பங்கு.

அந்தக் கேள்விகள் எதற்கு என்று அவள் கேட்டதால் ஏரிக் கதையைச் சொன்னேன். இதுவரை நான் சொன்ன எத்தனையோ தடவைகளில் அந்தத் தடவைதான் அது எனக்குக் கையை மீறிப் போயிற்று. சடையம்மாவின் முகம் மாறிவிட்டது.

"அப்ப என் ரத்தமா அவன் கால எடுக்குது?"

ஊரே கேட்கிற குரலில் பேசுகிறவள், அதை எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

டாக்டர் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன். பிறகு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவன் உயரம் உங்களிடமிருந்து வந்தது, அந்த மூக்கும் வந்தது, ஏணி ஏறுகிற கால்களும் வந்தன. இதுவும் கூட வந்துவிட்டது; யாரும் பார்த்து எடுத்துக் கொடுப்பதில்லை. ரத்தம் விரலைக் கறுக்க வைக்காது. டப்பாவில் இருப்பதுதான் கறுக்க வைக்கும். ரத்தத்தை மாற்ற முடியாது, டப்பாவை மாற்றலாம். ஆனால் பெரியவனுக்கு இருந்த மாதிரி சின்னவனுக்கு அது எளிதாக இருக்காது, அவனைத் திட்டுவதில் பிரயோசனமும் இல்லை.

 கடைசி பஸ் போகிற நேரம் தாண்டிவிட்டது. காலையில் மூவருமாகக் கீழே போகலாம் என்று வெள்ளையன் சொன்னான். பொழுது சாய்கிறபோது சடையம்மா டப்பாவை எடுத்துக்கொண்டு எருக்குழிப் பக்கம் போனாள். உள்ளே இருந்ததைக் கொட்டி, மண்ணைத் தள்ளி மூடினாள். பக்கத்து வீட்டுப் பெண் அலறிக்கொண்டு வந்தாள்.

"உன் வூட்டுல இருந்தா நீ போட்டுக்க" என்றாள் சடையம்மா. "என் வூட்டுக்கு அத எடுத்துக்கினு வராத. அவன் ஒண்டியா உட வேணாம். நானும் உடறேன்."

ரேவதி, காளியப்பனுக்கு மொத்தத்தில் இரண்டு விரல்கள் போயின. அதற்குமேல் கறுப்பு ஏறவில்லை. ஆகஸ்டு மாதத்தில் ஒரு புதன்கிழமை சிறுநீர்ப் பட்டையில் இரண்டாவது கோடு வந்தது. டாக்டர் அதை அவனிடம் நீட்டி, நீங்களே படிங்க என்றார். கால் இருக்கிறது. இனி மிளகு ஏணியில் ஏற முடியாது; கீழே நின்று மூட்டை கட்டுகிறான். அந்தப் பயணத்துக்குப் பிறகு எங்கள் அறையில் வட்டங்களிடமும் கேட்கத் தொடங்கினோம்: பல் எதில் விளக்குவீர்கள், வலி வந்தால் ஈறில் எதை வைப்பீர்கள் என்று. அந்தக் கேள்விகள் இப்போது உன் மேசையில் இருக்கின்றன.

ஆனால் உன் அறிக்கைக்காரருக்குச் சொல்ல வேண்டியது அதில் இல்லை. எனக்குத் தெரிந்தவரை அது அந்த வியாழக்கிழமை காலையில் இருக்கிறது. அதனால் அதை நான் பார்த்தபடியே எழுதிவிடுகிறேன்.

நான் பக்கத்திலேயே இருந்த வெள்ளையன் வீட்டில் தூங்கி எழுந்து சடையம்மாவின் வாசலுக்கு வந்தேன். பனி இன்னும் மரங்களில் இருந்தது. சடையம்மா எழுந்து தலையை முடியாமல் நின்றுகொண்டிருந்தாள். அவள் கை எரவாணத்துக்குப் போயிற்று. வெறும் ஓலையைத் தொட்டதும் நின்றது. கோழிகளைத் திட்டினாள். தண்ணீர்க் குடத்தை யார் வழியில் வைத்தது என்று கத்தினாள். ஒன்றும் செய்யாமல் படுத்திருந்த நாயை விரட்டினாள்.

"ஒரு நாள் காலைதானம்மா" என்றான் வெள்ளையன்.

"நீ பேசாத" என்றாள் அவள். "உனுக்கு இன்னா தெரியும்?"

கட்டிலிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் காளியப்பன் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. சடையம்மா விறுவிறுவென்று அவனிடம் போனாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"இன்னாடா இது. மண்டைக்குள்ள யாரோ பேரு சொல்லிக் கூப்பிட்டுக்கினே இருக்காங்க."

"அதாம்மா அது."

"உனுக்கும் இப்பிடித்தானா?"

"இப்பவும் கூப்பிடுது."

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வேலியோரம் போய் ஒரு வேப்பங்குச்சியை ஒடித்து, அதை இரண்டாக முறித்து, ஒன்றை அவனிடம் கொடுத்தாள். அவன் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டான். அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் குச்சியை மெல்லத் தொடங்கினார்கள். நான் உள்ளே போய் டீக்குத் தண்ணீர் வைத்தேன்.